கொட்ட கலிசமும் ஆறு கோட்டும்

மாத்தளையில் நாங்கள் தையல் கடை திறந்த முதல் வாரம் முழுக்க, தெருவில் போகிறவர்களெல்லாம் எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இவர் வாசலில் நின்று, "வாங்க, சட்டை, ரவிக்கை எல்லாம் தைக்கிறோம்" என்று அழைப்பார். அவர்கள் ஒரு தரம் திரும்பிப் பார்த்து, "எப்பா" என்பார்கள். "இந்தா வந்துட்டேங்க" என்று இவர் கத்தரிக்கோலோடு பின்னாலேயே ஓடுவார். ஓடிப் போய்ச் சேருவதற்குள் அவர்கள் நாலு கடை தாண்டியிருப்பார்கள். சிலர் கத்தரிக்கோலைப் பார்த்து நடையை இன்னும் எட்டிப் போட்டார்கள். "சிங்கள சனம் ரொம்ப மரியாதை தெரிஞ்சது, செல்லாயி. கூப்பிடாம ஒருத்தரும் போறதில்லை. பொறுமைதான் இல்லை" என்று இரவில் சோறு தின்றபடி சொல்வார். எட்டாம் நாள் பக்கத்துக் கடைக் காதர் நானா, ஒரு மனிதர் இப்படித் தினம் ஓடுவதைப் பார்க்கச் சகிக்காமல், விஷயத்தை உடைத்தார். சிங்களத்தில் 'எப்பா' என்றால் வேண்டாம் என்று அர்த்தமாம். அன்று சாயங்காலம் இவர் யாரையும் அழைக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

பரமக்குடிப் பக்கத்தில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். ஆனால் நாங்கள் ஏன் புறப்பட்டோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்தில் தையற்காரனுக்கு வருஷத்தில் இரண்டு மாதம்தான் வேலை. தீபாவளிக்கு முந்தின மாதம் தைப்பான். தீபாவளிக்குத் தருவதாகச் சொன்னதை, பிந்தின மாதம் தைப்பான். மற்றப் பத்து மாதமும் ஆண்கள் வேட்டி துண்டோடும் பெண்கள் சேலையோடும் ஓட்டிவிடுவார்கள். இவர் ஒரு ஜவுளிக் கடை வாசலில் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார். ஈ ஓட்டினார் என்று சொல்வார்கள். அந்த வெயிலுக்கு ஈகூட வரவில்லை. கண்டிப் பக்கத்து மலையில் குளிராம், தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு முழுக்கை ரவிக்கை இல்லாமல் முடியாதாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டதும் இவருக்குக் கால் தரிக்கவில்லை. என் அண்ணன் மட்டும், "போறதுன்னா போங்க மாப்பிள்ளை. ஆறு மாசத்தில திரும்பி வந்தா நம்ம மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒரு இடம் ஒதுக்கித் தர்றேன்" என்றான். இவர் மெஷினைக் கழற்ற ஆரம்பித்தார். தனுஷ்கோடியில் கப்பல் ஏறும்போது மெஷினின் தலைப்பாகத்தைப் பழைய சேலையில் சுற்றி என் மடியில் வைத்துவிட்டார். கைக்குழந்தை என்று நினைத்து ஒரு அம்மாள் நகர்ந்து எனக்கு உட்கார இடம் விட்டாள். நான் மறுக்கவில்லை. "பால் குடிச்சுதா?" என்று கேட்டாள். "எண்ணெய்தான் போடணும்" என்றேன். அப்புறம் தலைமன்னார் வரைக்கும் அவள் என்னோடு பேசவே இல்லை.

மாத்தளை நம் ஊரைப் போல இல்லை. அங்கே துவைத்த துணியைக் கொடியில் போட்டுத் திரும்பினால் காய்ந்திருக்கும். இங்கே மூன்று நாள் தொங்கினாலும் ஈரம் போகாமல், நாலாம் நாள் பூஞ்சணம் பூத்திருக்கும். ஆனாலும் அந்த ஆள் சொன்னது பொய்யில்லை. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் மேல் தோட்டங்களிலிருந்து நம் பெண்கள் இறங்கி வந்தார்கள். இவர் முன்னால் வெட்டுவார். திரைக்குப் பின்னால் நான் மெஷினை மிதிப்பேன். பெண்களுக்கு அளவு எடுப்பதும் நான்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கடை நிமிர்ந்தது. அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் 'எப்பா' விவகாரத்துக்குப் பிறகு இவருக்கு ஒரு ரோஷம் வந்துவிட்டது. காதர் நானாவிடம் ஒரு மாதம் சிங்களம் கற்றுக்கொண்டார். நூறு சொல் தெரிந்ததும், தெரியாதது ஒன்றும் இல்லை என்று முடிவு செய்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் சர்வேயர் மாத்தையா வந்தார். சிங்களத்தில் ஐயா என்பதற்கு மாத்தையா. பலாபத்வல பக்கத்துக்காரர், கவர்மெண்டுக்குக் காணி அளக்கிறவர். மெலிந்த மனிதர். முழங்காலுக்கு மேலே நிற்கிற, இங்கே களிசான் என்கிற கால்சட்டையும் அதற்குக் கீழே அட்டை கடித்த தழும்புகளுமாக இருந்தார். இங்கிருந்து வடக்கே நாலந்தா பக்கம் காடு அளக்கப் போகிறார். அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆட்கள் ஆறு பேர். அவர்களுக்குத் தைக்க வேண்டும். ஒரு சுருள் காக்கித் துணியை மேசைமேல் வைத்து, "கொட்ட கலிசம் ஹயக் ஓன" என்றார். "ஹரி மாத்தையா, ஹரி" என்று இவர் தலையை ஆட்டினார். கண்டிக்குப் போய்த் திரும்பப் பத்து நாள் ஆகும், ஆட்களை அளவுக்கு அனுப்புகிறேன் என்று கையால் காட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

இவர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். முகம் விளக்குப் போட்டதுபோல இருந்தது.

"கேட்டியா செல்லாயி? ஆறு பேருக்குக் கோட்டு, களிசான்."

"காட்டுக்குள்ள சங்கிலி இழுக்கிறவங்களுக்கு எதுக்குங்க கோட்டு?"

"கவர்மெண்டு வேலை. அதெல்லாம் ஒரு மொறை இருக்கும். உனக்குத் தெரியாது."

"துணி பத்தாதே. களிசானுக்கே இழுபறி."

"மாத்தையாவுக்குத் தையல் தெரியுமா? குத்துமதிப்பா வாங்கியிருப்பார். மீதியை நாம போட்டுக்குவோம்."

காதர் நானாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன். எத்தனை நாளைக்கு நானாவையே கேட்டுக்கொண்டிருப்பது என்றார். மறுநாள் அந்த ஆறு பேரும் வந்தார்கள். இவர் நெஞ்சுக்கு நாடா சுற்றியபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தோள் அளந்தார், கை அளந்தார். கோயிலில் நிற்பதுபோல ஆறு பேரும் அசையாமல் நின்றார்கள். போகும்போது எல்லாருமாகச் சேர்ந்து இவரைக் கும்பிட்டார்கள்.

ஊரிலிருந்து கொண்டு வந்த கைமுதலில் மிச்சம் இருந்தது முழுதும் காக்கித் துணியாக மாறியது. பத்து நாள் வேறு வேலை எடுக்கவில்லை. ரவிக்கைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். கழுத்து மூடிய கோட்டு, நாலு பை, ஐந்து பொத்தான். என் இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் தைத்து மாட்டியபோது, பொய் சொல்லக் கூடாது, எனக்கே பெருமையாக இருந்தது. ஆட்கள் வந்து வாங்கினார்கள். கடையிலேயே மாட்டிக்கொண்டு, கட்டி வந்த பழைய சாரங்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி, ஆறு பேரும் வரிசையாக வடக்கே போகிற பெரிய ரோட்டில் நடந்தார்கள். ஒரு மாட்டு வண்டி ஒதுங்கி வழி விட்டது.

மூன்றாம் நாள் சர்வேயர் வந்தார். கையில் ஒரு மூட்டை. அதை மேசைமேல் போட்டுவிட்டுச் சிங்களத்தில் ஆரம்பித்தார். இவருடைய நூறு சொல்லில் ஒன்றுகூட அதில் வரவில்லை. நான் ஓடிப் போய்க் காதர் நானாவைக் கூட்டி வந்தேன். நானா படம் பிடிக்கிறவர். கையில் படம் கழுவுகிற மருந்துக் கறையோடு வந்து நின்று கேட்டார். சர்வேயர் மூச்சு விடாமல் பேசினார், மேசையைத் தட்டினார், தன் முழங்காலைத் தட்டினார், ஒரு தரம் வானத்தைக் காட்டினார். கடைசியில் நின்றார்.

நானா எங்கள் பக்கம் திரும்பி, "மாத்தையாவுக்குக் கொஞ்சம் மனவருத்தமாம்" என்றார்.

அப்புறம்தான் மெதுவாக எல்லாம் வந்தது. சர்வேயர் கண்டியிலிருந்து நேரே நாலந்தாவுக்குப் போயிருக்கிறார். ஆட்கள் கோட்டோடு முன்னால் நடக்க, முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு அரைக் களிசானோடு அவர் பின்னால் போயிருக்கிறார். காணி அளக்க வந்த பெரிய மாத்தையாமார் என்று கிராமத்தில் ஆறு நாற்காலி கொண்டு வந்து போட்டு, ஆறு செவ்விளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சர்வேயரைப் பார்த்து, சாமானைக் கொல்லைப் பக்கம் வைத்துவிட்டுக் குசினியில் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு பேரில் ஒருவனும் எழுந்திருக்கவில்லையாம். அதை மட்டும் சர்வேயர் நானாவை இரண்டு தரம் சொல்ல வைத்தார்.

"தம்பி, அந்த மனுசன் கோட்டுக் கேக்கல்ல" என்றார் நானா. "கொட்ட எண்டா கட்டை, நீளமில்லாதது. கட்டைக் களிசான் ஆறு. அவ்வளவுதான் கேட்டிருக்கிறார்."

இவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் அதுவரை அந்த மனிதரை அப்படிப் பார்த்ததில்லை. சுவரைப் பார்க்கவில்லை, நூலை எடுக்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் அண்ணனின் மாட்டுக் கொட்டகை எனக்குக் கண்ணில் தெரிந்ததுபோல அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எனக்குச் சண்டை போட நல்ல நியாயம் இருந்தது. அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். மூட்டையைப் பிரித்து, கோட்டுகளை ஒதுக்கி, ஆறு களிசானையும் எடுத்து, முழங்காலுக்கு மேலே சுண்ணாம்புக் கோடு போட்டு, சர்வேயரின் கண் முன்னாலேயே பன்னிரண்டு காலையும் வெட்டினேன். "மாத்தையாவை உக்காரச் சொல்லுங்க நானா. இப்பவே மடிச்சு அடிச்சுத் தர்றேன்." ஒரு பெண்பிள்ளை திரைக்கு வெளியே வந்து வெட்டுவதைப் பார்த்ததாலோ என்னவோ, அவர் கோபத்தை மறந்து உட்கார்ந்தார். இவர் எழுந்து போய்த் தேத்தண்ணி வாங்கி வந்தார். இந்தத் தரம் சர்வேயருக்கு நாற்காலியும் கிடைத்தது, தேத்தண்ணியும் கிடைத்தது. போகும்போது ஆறு கொட்ட கலிசத்தைத் தானே எண்ணி எடுத்துக்கொண்டார். வாசலில் திரும்பி நின்று ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றேன்.

"தையல் நல்லமாம்" என்றார் நானா.

வெட்டிய பன்னிரண்டு காலும் வீணாகவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அடுத்த தீபாவளிக்குக் காக்கிச் சட்டை போட்டார்கள். சங்கிலிக்காரர்களில் ஒருவன் பின்னொரு நாள் கடைப் பக்கம் வந்தான். கோட்டு தங்களுக்கு இல்லை என்பது அளவு எடுக்கும்போதே தெரியும் என்றான். பின்னே ஏன் சொல்லவில்லை என்று நானாவை விட்டுக் கேட்டதற்கு, அதுவரை தன் நெஞ்சை யாரும் அளந்ததில்லை என்றானாம்.

மிஞ்சியது ஆறு கோட்டு. தொங்கவிட்டால் பூஞ்சணம் பிடித்தது. இறக்கி வெயிலில் போட்டால் மழை வந்தது. யாரும் கேட்கவில்லை. காதர் நானாதான் ஒரு நாள் ஓடி வந்து, "தங்கச்சி, ஒண்டு தாங்க, ஒரு அஞ்சு நிமிசத்துக்கு" என்று வாங்கிப் போனார். படம் எடுத்து ஊருக்கு அனுப்ப ஒரு கங்காணி வந்திருந்தாராம். வெறும் சட்டையோடு நிற்க வெட்கப்பட்டாராம். அடுத்த ஞாயிறு மூன்று பேர் கேட்டார்கள். அதற்கடுத்த ஞாயிறு வரிசை நின்றது. இப்படித்தான் எங்கள் கடையில் வாடகைக் கோட்டு ஆரம்பித்தது. இன்றைக்கு ரவிக்கையும் சட்டையும் ஒரு பக்கம், கோட்டு ஒரு பக்கம். நானா படம் எடுப்பது இடுப்புக்கு மேலேதான். மேலே கோட்டு, கீழே முழங்கால் வரை மடித்துக் கட்டிய வேட்டி, அதற்குக் கீழே சேறு. உங்கள் ஊர்களில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் படங்களில், கழுத்து மூடிய கோட்டும் ஐந்து பொத்தானும் தெரிந்தால், அது நான் தைத்தது. ஒரே கோட்டைப் பத்து வீட்டில் பார்த்தால் வியப்படைய வேண்டாம்.

எங்களுக்கு இதெல்லாம் ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது, கருப்பையா வரும் வரைக்கும். அவன் மேல் தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன், ஊர் சிவகங்கைப் பக்கம். தை மாதம் எங்கள் கோட்டில் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தான். சித்திரையில் ஒரு கடிதத்தோடு வந்து, "வாசிச்சுச் சொல்லுங்க அக்கா" என்று நீட்டினான். அம்மா சொல்லச் சொல்ல ஊரில் யாரோ எழுதிக் கொடுத்தது. நான் உரக்கப் படித்தேன்.

"மகன் கருப்பையாவுக்கு. படம் வந்து சேர்ந்தது. தொரை நல்லா லச்சணமா இருக்காரு. நீ அவருக்குப் பின்னால நிக்கிறியோன்னு படத்தைத் திருப்பியும் பார்த்தேன். காணோம். அடுத்த தடவை தொரைகிட்டக் கேட்டு ஒரு ஓரமா நின்னாவது படம் பிடிச்சு அனுப்பு. உன் மொகம் மறந்துபோவுது."

எங்கள் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். நானும் சிரித்தேன். கருப்பையாவும் சிரித்தான், எங்களைவிடச் சத்தமாக. அப்புறம் கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரிந்தவன் போலக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இன்னொரு படம் எடுக்கணும் அக்கா" என்றான். இவர் உடனே கோட்டை இறக்கினார். "அது வேண்டாங்க" என்றான். போய் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து, "சரி, குடுங்க" என்றான்.

நானாவின் கடையில் நாங்களும் போய் நின்றோம். சேற்றுக் கறை படிந்த தன் சட்டையோடு, படிக்கட்டு வரைந்து தொங்கவிட்ட படுதாவுக்கு முன்னால் அவன் நின்றான். கோட்டு இடது கையில் இருந்தது.

"போடுறதெண்டா போடு. இல்லாட்டி கீழ வை" என்றார் நானா.

"போட்டா அம்மாவுக்கு அடையாளம் தெரியலை, நானா. வெச்சிட்டா, நான் நல்லா இருக்கேன்னு ஊரு நம்பாது."

"அப்ப என்ன செய்யச் சொல்ற?"

அவன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். நானா காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். கருப்பையா நிமிர்ந்து நின்றான். கோட்டைப் போடவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. தூங்குகிற பிள்ளையைச் சுமப்பதுபோல முழங்கையில் போட்டுக்கொண்டு, ஆடாமல் நின்றான். கோட்டின் ஒரு கை மட்டும் கீழே தொங்கி, காற்றில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.