மூன்றாம் மூலைப் பாறை

அலுவலகத்தில் அவளுக்குப் பாறைக்காரி என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனாலும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இரண்டாம் மாடியில், ஏசியைத் தவிர வேறெதுவும் ஒழுங்காக வேலை செய்யாத ஓர் அறையில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் படங்களில் நகராத பாறைகளைத் தேடுவதுதான் அவளுடைய பிழைப்பு.

பூமியின் கோடியில் கிடக்கிற பனிப்பாளம் சும்மா கிடப்பதில்லை. கடலை நோக்கி ஊர்ந்துகொண்டே இருக்கும். சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எது எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். ஆனால் படங்களும் கொஞ்சம் அப்படி இப்படி விலகித்தான் வரும். அதனால் பனிக்கு நடுவே தலைநீட்டும் பாறைகளாகப் பார்த்து, நாலு மூலையிலும் படத்தை இறுக்க வேண்டும். ஒரு மூலை நழுவினாலும் எல்லாம் கோணல். "இது அசையாது" என்று பாறைக்காரி சொல்லிவிட்டால் அங்கே யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

வீட்டிலும் அப்படித்தான். கேஸை மூடினோமா என்று பாதிப் படி இறங்கியவள் திரும்ப ஏறிப்போய்ப் பார்ப்பாள். புருஷன் நில அளவையாளர். வெளியே மில்லிமீட்டருக்கு மல்லுக்கட்டுகிற அந்த மனுஷன், வீட்டுப் பூட்டை ஒருநாளும் இழுத்துப் பார்த்ததில்லை. "நீ பூட்டிட்டேல்ல, அப்புறம் என்ன?" என்பார். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு.

இந்த முறை அவர் அந்தப் பனிக்கே போயிருந்தார். ஐந்து பேரோடு கூடாரம் போட்டு, சுற்றிலும் கம்பம் நட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நகர்கிறது என்று ஜிபிஎஸ் வைத்து அளக்கிற வேலை. கூடாரத்துக்கு இடம் குறித்தது அவள் போட்ட வேக வரைபடத்தைப் பார்த்துத்தான். அமைதியான இடம், பனி பிளக்காது. புருஷன் படுத்துத் தூங்கப்போகிற இடமாயிற்றே என்று நாலு தடவை சரிபார்த்திருந்தாள்.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வேறு எதற்கோ உயரக் கணக்குகளைப் பார்த்தாள். லேசர் ஒளியை அனுப்பித் தரையின் உயரத்தை அளக்கிற இன்னொரு செயற்கைக்கோளின் கணக்கு அது. அந்த வேக வரைபடத்தை இறுக்கியிருந்த மூன்றாம் மூலைப் பாறையின் உயரம் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வந்திருந்தது. பாறை எங்கேயாவது குள்ளமாகுமா? பழைய படங்களையெல்லாம் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அது பாறையே இல்லை. கல்லும் மண்ணும் மூடிக் கிடந்த பனி. உருகிக்கொண்டே, மற்ற பனியோடு சேர்ந்து அதுவும் ஊர்ந்துகொண்டிருந்தது. அதை அசையாதென்று இறுக்கியதில் வரைபடமே கோணிவிட்டது. மற்ற மூன்று மூலைகளை மட்டும் வைத்து மறுபடி போட்டாள். கூடாரம் இருந்த இடத்தில் பனி இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டிருந்தது. எப்போது வேண்டுமானாலும் பிளக்கலாம்.

டப்பாவை மூடாமலே தலைமை விஞ்ஞானியின் அறைக்கு ஓடினாள்.

"பதறாதம்மா. அடுத்த படம் வரட்டும், ஒரு தடவை சரிபார்த்துட்டு சொல்லலாம்" என்றார் அவர்.

"படம் வர்றதுக்குள்ள பனி பிளந்துட்டா என்ன சார் பண்றது?"

அவர் மேஜையிலிருந்த சாட்டிலைட் போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

புருஷன் குரல் காற்றிரைச்சலுக்கு நடுவே கேட்டது.

"என்னங்க, உடனே அந்த இடத்தை விட்டுக் கிளம்புங்க. மூணாவது மூலைப் பாறை பாறையே இல்ல. என் கணக்கு தப்பு. அங்க பனி நான் சொன்னதைவிட வேகமாப் போகுது."

"வேகமாத்தான் காட்டுச்சு" என்றார்.

"எது?"

"ஜிபிஎஸ். வந்த மறுநாள்லேருந்தே. உன் வரைபடத்துல இருக்கறதுக்கு மேல கம்பமெல்லாம் நகர்ந்துச்சு. கருவிதான் கோளாறுன்னு நினைச்சேன். கூட இருக்கற பசங்ககூட சந்தேகமாக் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் வீட்டுக்காரி கணக்கு தப்பாதுன்னேன். அதுக்கு ஒத்து வர்ற வரைக்கும் கருவியைத் திருத்திட்டேன்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தலைமை விஞ்ஞானி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, கிளம்பறோம். எந்தப் பக்கம் போகட்டும், சொல்லு" என்றார் புருஷன். பூட்டைப் பற்றிப் பேசுகிற அதே குரல்.

கையோடு கொண்டுவந்த புது வரைபடத்தைப் பார்த்தாள். அதை இறுக்கியிருந்த மூன்று பாறைகளும் அவளே என்றைக்கோ தேர்ந்தெடுத்தவை. அவற்றையும் அசையாது என்றுதான் சொல்லியிருந்தாள்.

"என்னைக் கேக்காதீங்க. திருத்தறதுக்கு முன்னாடி உங்க கருவியில என்ன வந்துச்சோ, அதைப் பாத்துப் போங்க."

"அதைத்தான் அழிச்சுட்டேனே" என்றார். "பரவாயில்ல, நீ சொல்லு."