டிரையல் ரூமுக்கு எதிரே தபால் ஆபீஸ்

இங்கிலாந்தில் கார்பெக் என்ற ஊரின் கடைத்தெருவில் இருந்த தபால் ஆபீஸ், மெல்லர் துணிக்கடைக்குள் போனதற்கு யார் காரணம் என்று கேட்டால் ஊரே மேலிடத்தைக் கை காட்டும். கிளெண்டா ஹார்கிரீவ்ஸ் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். கடைசி ஆணியை அடித்தது தானே என்பது அவளுக்குத் தெரியும்.

முப்பத்தோரு வருடம் தபால் கவுண்ட்டரில் உட்கார்ந்தவள் கிளெண்டா. பழைய கட்டடத்தில் அவளுக்கும் ஜனங்களுக்கும் நடுவே விரல் தடிமனில் ஒரு கண்ணாடி. அதைத் தாண்டிப் பேசிப் பேசி அவள் குரல் ஆட்டுச்சந்தை ஏலக்காரன் குரல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. வீட்டில் உப்பு கேட்டால் அடுத்த வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வருவாள்.

தபால் ஆபீஸைத் துணிக்கடையில் வைக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் கிளெண்டா கொதித்துப்போனாள். இரண்டாயிரம் கையெழுத்து வாங்கினாள். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை நூற்றிருபது பேரைத் திரட்டி ஊர்வலம் கிளம்பினாள். கடைத்தெருவில் பாதி தூரம் போவதற்குள் யார்க்ஷயர் மழை பிடித்துக்கொண்டது. அட்டையில் எழுதிய கோஷமெல்லாம் கரைந்து முழங்கை வழியாக ஓடியது. ஒதுங்க இடம் தேடியபோது எதிரே திறந்திருந்த பெரிய கதவு ஒன்றே ஒன்றுதான். மெல்லர் துணிக்கடை.

கீத் மெல்லருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. தாத்தா காலத்துக் கடை. ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். தபால் ஆபீஸ் ஒப்பந்தம் இரண்டு வாரமாக அவர் மேசை இழுப்பறையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. வம்பு எதற்கு என்று தயங்கிக்கொண்டிருந்தார். சொட்டச் சொட்ட நூற்றிருபது பேர் உள்ளே நுழைந்தார்கள். மனுஷன் நல்லவர், துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தார், தேநீர் போடச் சொன்னார். மழை விடவில்லை. சும்மா நின்றவர்கள் சும்மா பார்த்தார்கள், பார்த்தவர்கள் வாங்கினார்கள். குடை முழுக்கத் தீர்ந்தது. பாதிரியார் ஆறு ஜோடி காலுறை வாங்கினார். போராட்டத் தலைவியே ஒரு மழைத் தொப்பி வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

மெல்லர் அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் தெருவில் கிளெண்டாவைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் உங்க புண்ணியம் கிளெண்டாம்மா. வாசப்படிய மிதிக்க ஆள் வந்தா போதும், வெறுங்கையோட போகமாட்டாங்கன்னு எனக்கு நேத்துதான் புரிஞ்சுது!”

கிளெண்டா அந்தத் தொப்பியை அதற்குப் பிறகு போடவே இல்லை.

மூன்றே மாதத்தில் மாற்றம் நடந்துவிட்டது. கடையின் கோடியில், போர்வை விற்ற இடத்தைக் காலி செய்து இரண்டு கவுண்ட்டர் போட்டார்கள், ஒன்றில் கிளெண்டா. கண்ணாடி இல்லை, இப்போதெல்லாம் அப்படித்தானாம். கவுண்ட்டருக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில், கடையின் டிரையல் ரூம்கள். நான்கு திரை, நடுவில் ஓர் ஆளுயரக் கண்ணாடி. அங்கே, எத்தனை துணி என்று எண் எழுதிய சிட்டை கொடுத்து உள்ளே அனுப்புகிறவள் ஜனைன். மெல்லரிடம் இருபது வருடமாக வேலை பார்ப்பவள்.

முதல் நாளே கூத்துதான். தபால் வரிசையும் துணி வரிசையும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒன்றாகக் கலந்துவிட்டன. கையில் பாவாடையோடு ஒருத்தி கிளெண்டா முன்னால் வந்து நின்றாள். பார்சலோடு வந்த ஒருத்தர் ஜனைனிடம் போய், “இது ஜெர்மனிக்கு” என்றார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வில்ஃப் ஆக்டன் செவ்வாய்தோறும் பென்ஷன் வாங்க வருகிறவர். கவுண்ட்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

“ஏ புள்ள கிளெண்டா, பென்ஷன் வாங்கணும்னா இனிமே பேன்ட்டக் கழட்டிக் காட்டணுமா?”

“யோவ் பெரிசு, கார்ட நீட்டு. உன் பேன்ட்டப் பாக்க இங்க ஒருத்தரும் காசு குடுத்து வரல.”

கண்ணாடி போனாலும் குரல் போகவில்லை. அவள் சாதாரணமாகச் சொன்னதைக் கேட்டு, வாசலில் கையுறை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வரை விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று மத்தியானத்துக்குள் யாருக்குப் பாஸ்போர்ட் படம் மூன்றாம் தடவை திரும்பி வந்தது, தங்கை வீட்டுக்குப் பல்செட்டை அனுப்புகிறவர் யார் என்பதெல்லாம் கடை முழுக்கத் தெரிந்துபோயிற்று.

உண்மையான வம்பு அந்த வாரக் கடைசியில் வந்தது. பமேலா கிரௌதர் என்றால் ஊரில் தனி மரியாதை. கணவர் நகரசபையில் இருக்கிறார். மேயர் விருந்துக்குப் போட ஒரு மஞ்சள் உடையைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரையை விலக்கி வெளியே வந்தார். ஜனைன் யாரையோ கவனிக்கப் போயிருந்தாள். எதிரே தெரிந்த முகம் கிளெண்டாதான்.

“எப்படி இருக்கு கிளெண்டா?”

கிளெண்டா ஒரு பார்சலைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஒரு பொருளைப் பார்த்த மாத்திரத்தில் இது எந்த உறைக்குள் அடங்கும், எதற்குள் அடங்காது என்று சொல்வது அவளுக்கு முப்பத்தோரு வருடத்துப் பழக்கம்.

“அடங்காதும்மா. ரெண்டு சைஸ் பெருசு வேணும்.”

எங்கோ ஒரு ஹேங்கர் கீழே விழுந்தது. பமேலாவின் முகம் உடையின் நிறத்தைத் தவிர எல்லா நிறமும் மாறியது. உள்ளே போய் உடையைக் கழற்றி ஜனைனின் கையில் திணித்துவிட்டு விடுவிடுவென்று வெளியே போனார்.

மெல்லர் கிளெண்டாவைச் சரக்கறைக்குக் கூப்பிட்டார். அவருக்குக் கோபப்பட்டுப் பழக்கமில்லாததால் கெஞ்சல்தான் வந்தது.

“அழகா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா உங்க சொத்தா கொறஞ்சு போகும்?”

“மெல்லர் ஐயா, ‘உள்ள என்ன இருக்கு, உண்மையச் சொல்லுங்க’ன்னு நாளெல்லாம் ஜனங்களக் கேக்குறது என் உத்தியோகம். நானே பொய் சொன்னா நல்லாவா இருக்கும்?”

“அப்ப மெதுவாவாவது சொல்லுங்களேன்!”

“மெதுவாத்தானே சொன்னேன்?”

அவள் நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அது தெரிந்ததும் மெல்லர் பேச்சை விட்டுவிட்டு, மறுநாள் கவுண்ட்டருக்கும் டிரையல் ரூமுக்கும் நடுவே மூங்கில் படம் போட்ட ஒரு மடக்குத் தட்டியை நிறுத்தினார். அன்று வீட்டுக்குப் போகும்போது கிளெண்டாவுக்குக் கண்ணோரம் கரித்தது. அவமானப்படுத்தவேண்டும் என்று அவள் யாரையும் ஒருநாளும் நினைத்ததில்லை. பமேலாவின் முகம் இரண்டு ராத்திரி அவளைத் தூங்கவிடவில்லை.

மூன்று வாரம் கழித்து, கூட்டமில்லாத ஒரு திங்கட்கிழமை காலையில் பமேலா கிரௌதர் வந்தார். கையில் ஒரு பார்சல். தட்டி ஓரமாகத் தயங்கி நின்றுவிட்டுக் கவுண்ட்டருக்கு வந்தார். பார்சலைத் திருப்பி அனுப்பவேண்டிய முகவரி, இணையத்தில் துணி விற்கும் ஏதோ ஒரு கம்பெனி. கிளெண்டா கேட்டே ஆகவேண்டிய கேள்வியைக் கேட்டாள்.

“உள்ள என்னம்மா இருக்கு?”

பமேலா உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்ணில் நீர் தளும்பியது. “மஞ்ச டிரெஸ்” என்றார். “அதே டிரெஸ்தான். அதே சைஸ்தான். வீம்புக்கு வாங்கினேன். மேயருக்கு வாழ்த்துச் சொல்ல எல்லாரும் எழுந்திருச்சோம். நானும் எழுந்திருச்சேன். டிரெஸ் எழுந்திருக்கல.”

வரிசையில் பின்னால் வில்ஃப் ஆக்டன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கிளெண்டா கவுண்ட்டருக்கு மேல் எட்டிக் குனிந்தாள். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் குரல் கிசுகிசுப்பாக வெளியே வந்தது.

“எங்க கிழிஞ்சுது?”

“முதுகுல. மேலேருந்து கீழ வரைக்கும்.”

“கிழிஞ்சத அவங்க திருப்பி எடுத்துக்கமாட்டாங்கம்மா. தபால் செலவும் தண்டம். வீட்டுக்கே கொண்டு போங்க.” அவள் பார்சலை மெல்ல பமேலாவின் பக்கம் தள்ளினாள். “அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க.”

“நீ சொன்னதுல தப்பில்ல. ஊருக்கே சொன்னதுதான் தப்பு.”

“அங்க என்ன புள்ள ரகசியம்?” என்றார் வில்ஃப். “எனக்கு ஒண்ணுமே கேக்கல!”

“அதுக்குப் பேருதான் ரகசியம்” என்றாள் கிளெண்டா பழைய குரலில்.

பமேலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜனைனிடம் போய் மூன்று உடைகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்ததும் மெல்லரின் மூங்கில் தட்டியைத் தன் கையாலேயே மடக்கிச் சுவரில் சாய்த்தார். பச்சை உடைக்குக் கிளெண்டா உதட்டைப் பிதுக்கினாள். பூப்போட்டதற்குத் தலையாட்டவே இல்லை. மூன்றாவது கருநீலம்.

“நேரா நில்லுங்க. திரும்புங்க. கையத் தூக்குங்க.” கொஞ்சநேரம் பார்த்தாள். “ம். இத அனுப்பலாம்.”

அந்த வார்த்தை ஊரில் தொற்றிக்கொண்டது. கார்பெக்கில் பெண்கள் புதிதாக எது உடுத்தினாலும், “கிளெண்டா அனுப்பலாம்னுட்டாளா?” என்று கேட்டார்கள். தபாலே அனுப்பாதவர்களும் துணி பார்க்க வந்தார்கள். வாங்கிப் போய்ப் பிடிக்கவில்லை என்று மறுவாரம் திருப்பிக்கொடுக்க வருகிற வழக்கம் மெல்லர் கடையில் அநேகமாக நின்றே போனது. மெல்லர் ஒருநாள் மடக்குத் தட்டியைத் தன் மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். கூடவே, கடையிலேயே சேர்ந்துவிடும்படி கிளெண்டாவையும் கேட்டுப் பார்த்தார்.

“நான் தபால்காரி ஐயா. இது சும்மா எட்டிப் பாத்துச் சொல்றது” என்றாள்.

நவம்பரில் மேலிடத்திலிருந்து பிரெண்டிஸ் என்கிற அதிகாரி வந்தார். கடைகளுக்குள் போன தபால் ஆபீஸ்கள் எப்படி நடக்கின்றன என்று, தான் யாரென்று சொல்லாமல், சாதாரண வாடிக்கையாளர் மாதிரி வரிசையில் நின்று பார்ப்பது அவர் வேலை. கடைக்குள் வெப்பமாக இருந்ததால் தன் மேல்கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். இரண்டு வரிசையில் நீளமானது எதுவோ அதுதான் தபாலாக இருக்கும் என்று அதன் வாலில் போய் நின்றார்.

அது துணி வரிசை. முன்னால் நின்றவர்கள் கையிலெல்லாம் சட்டையும் பாவாடையுமாக இருந்ததைப் பார்த்ததும் பாதியிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் நின்ற வரிசையை விட்டு விலகுவது அவர் வளர்ந்த விதத்தில் கிடையாது. இருபத்தாறு நிமிடம் நின்று ஜனைன் முன்னால் வந்தார். அவள் அவர் கையிலிருந்த கோட்டைப் பார்த்தாள்.

“ஒண்ணுதானா சார்?” ஒன்று என்று எழுதிய பிளாஸ்டிக் சிட்டையைக் கையில் கொடுத்தாள். “மூணாவது ரூம் காலி.”

டோக்கன் முறை போலிருக்கிறது என்று மனிதர் உள்ளே போனார். உள்ளே ஒரு கொக்கியும் ஒரு முக்காலியும்தான். வந்த வேலையை விடக்கூடாதே என்று முக்காலியில் உட்கார்ந்து தன் படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். அப்புறம் எதையும் போட்டுப் பார்க்காமல் வெளியே போனால் நன்றாயிராது என்று தன் கோட்டைத் தானே போட்டுக்கொண்டு திரையை விலக்கினார்.

“அதுவா?” என்றது ஒரு குரல். பிரெண்டிஸ் துள்ளிவிட்டார். “வேண்டாம் சார். தோள் தொங்குது, கை நீளம். உங்க அண்ணனுக்கு வாங்குனத நீங்க மாட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கு.”

பிரெண்டிஸ் ஆளுயரக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். ஆறு வருடமாகப் போடுகிற கோட்டு. மனைவியோ அலுவலகத்தில் ஒருத்தரோ இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் சொன்னது முழுக்க முழுக்கச் சரி.

“வேற… இருக்கா?” என்றார் பலவீனமாக.

நாலாவது கோட்டுக்குக் கிளெண்டா தலையாட்டினாள். அதைப் போட்டுக்கொண்டே காசைக் கட்டிவிட்டு, பழைய கோட்டை, பழைய துணி விற்று ஏழைகளுக்கு உதவும் தருமக் கடைக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு, தலை நிமிர்ந்து நடந்து போனார். படிவம் முக்காலியிலேயே கிடந்தது.

ஜனைன்தான் அதைக் கண்டெடுத்தாள். படித்ததும் முகம் வெளுத்துவிட்டது. “காத்திருந்த நேரம்: இருபத்தாறு நிமிடம். பின்னர் ஊழியர் காரணம் கூறாமல் ஒரு சிறிய அறைக்குள் அனுப்பினார்.”

“ஐயோ அக்கா, நம்ம கதி அதோ கதி! கிழிச்சு எறிஞ்சுருவமா? யாரு கண்டா?”

“அடுத்தவங்க காகிதத்தக் கிழிக்கவாடி நான் இங்க உக்காந்திருக்கேன்?”

கிளெண்டா படிவத்தை உறையில் போட்டு, அதில் அச்சடித்திருந்த மேலிடத்து முகவரியை எழுதினாள். தன் காசில் முதல் வகுப்புத் தபால்தலை ஒட்டினாள். ஒரு சின்னச் சீட்டும் எழுதி உள்ளே வைத்தாள்: “ஐயா, நீங்கள் நின்றது துணி வரிசை. தபால் வரிசையில் அப்போது மூன்று பேர்தான் இருந்தார்கள். புதுக் கோட்டு உங்களுக்கு நன்றாக இருக்கிறது. முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை.”

பதினைந்து நாள் மெல்லருக்குச் சோறு இறங்கவில்லை. அறிக்கை வந்தபோது அதில் இரண்டே குறிப்புகள்தான் இருந்தன. வரிசைகளுக்குப் பெயர்ப்பலகை வேண்டும். ஊழியரின் பேச்சு தெளிவாகக் கேட்கிறது.

மெல்லர் அன்றே இரண்டு பலகை மாட்டினார். கிளெண்டா இரண்டாவது குறிப்பை மட்டும் இரண்டு தடவை படித்தாள். பிறகு காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, “அடுத்து யாரு?” என்று கூப்பிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை பிரெண்டிஸ் திரும்ப வந்தார். இந்தத் தடவை வேலையாக அல்ல. நாற்பது மைல் கார் ஓட்டிக்கொண்டு மனைவியை அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாள் வேண்டாவெறுப்பாக நாலைந்து உடைகளோடு உள்ளே போய், வெகுநேரம் கழித்து ஒரு சிவப்பு உடையில் வெளியே வந்து நின்றார். தபால் வரிசையில் நின்ற ஒன்பது பேரும் கையில் வாழ்த்து அட்டைகளோடு ஒருசேரத் திரும்பினார்கள். பிரெண்டிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கிளெண்டா மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டாள்.

“கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்கம்மா” என்றாள்.