அத்தானின் புயல் ரேடியோ

மஞ்சள் நிறம். செங்கல் அளவு. ஒரு பக்கம் மடக்கிவைத்த கைப்பிடி, அதைச் சுற்றினால் உள்ளே கரண்ட் ஏறும். இன்னொரு பக்கம் டார்ச். முகப்பில் இங்கிலீஷில் மூன்று குறிகள், ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு. கப்பல்காரர்கள் தள்ளிவிட்டுப் போகும் சாமான்களை விற்கிற ஒரு தூத்துக்குடிக் கடையில், அந்த ரேடியோவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் அத்தான் நின்ற நிற்பு எனக்கு மறக்கவில்லை. பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படித் தூக்கி நான் பார்த்ததில்லை.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். கோவில்பட்டிக்காரர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. இரண்டில் ஒன்று எழுதாது. தொண்ணூறுகளின் கடைசியில், நாகலாபுரத்துக்கு வடக்கே ஒரு கண்மாயில் மண்டிக் கிடந்த வேலிக்கருவையை வெட்டிக் கரி போட ஏலம் எடுத்திருந்தார். நாலைந்து வருஷமாகத் தண்ணீர் பார்க்காத கண்மாய் அது. மரத்தை வெட்டி அங்கேயே அடுக்கி, தழை போட்டு மூடி, மேலே மண்ணைக் குழைத்துப் பூசி, உள்ளே தீயை வைத்து மூச்சுத் திணற வேகவிட வேண்டும். இதுதான் கரிமூட்டம். பூச்சு எங்காவது வெடித்துக் காற்று புகுந்தால் கரி கிடைக்காது, சாம்பல்தான் கிடைக்கும். அதனால் வேகிற நாலைந்து நாளும் ஆள் பக்கத்திலேயே இருந்து வெடிப்பை அடைக்க வேண்டும். எட்டுக் குடும்பங்கள் கண்மாய்க்குள்ளேயே குடிசை போட்டுத் தங்கியிருந்தன. நானும் அங்கேதான் கிடந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடம்பூரில் போளிக்கு மாவு பிசைந்தேன், தீப்பெட்டி ஆபீசில் மருந்து முக்கினேன், லாரியில் கிளீனராகப் போனேன், குளத்தூர்ப் பக்கம் உப்பளத்தில் இரண்டு கோடை உப்பு வாரினேன். எதுவும் தங்கவில்லை. அக்கா கூப்பிட்டாள் என்று கரிக்கு வந்தேன்.

முந்தின வருஷம் ஒரு கோடைமழை இரண்டு மூட்டங்களைக் கரைத்துவிட்டுப் போயிருந்தது. அதிலிருந்து அத்தானுக்கு ஒரு பித்து. மழை வருவதை முன்கூட்டியே சொல்கிற ரேடியோ வேண்டும். கடைக்காரருக்கு அவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“அண்ணாச்சி, இது அமெரிக்கா மாடலு. புயல், வெள்ளம் எது வந்தாலும் இதுவே கத்தும். நீங்க தூங்கிக்கிட்டு இருந்தாலும் எழுப்பிவிட்டுரும்” என்று சொல்லி, பின்னால் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்திக் காட்டினார். அது போட்ட சத்தத்தில் தெருவில் போன மாடு மிரண்டது. அத்தானின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “முள்ளை மட்டும் இந்த மூணாவது குறியை விட்டு நகத்திராதீங்க. நகத்துனா எச்சரிக்கையைப் பிடிக்காது” என்றார் கடைக்காரர். அந்தக் கடையில் பேசப்பட்டதில் அத்தான் மனதில் தங்கியது இந்த ஒரு வரிதான்.

ரேடியோ வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான் என்பதை உப்பளத்தில் கற்றிருந்தேன். இதில் பேசுகிறவன் யார்? அவன் பேச்சு நம் இடத்துக்கு எட்டுமா? உப்பளத்தில் மழை என்றால் வாரிவைத்த உப்பு கரைந்து போகும். அங்கே இருந்தது தகரம் போலக் கரகரக்கும் பழைய டிரான்சிஸ்டர். சாயங்காலச் செய்தி முடிந்து வானிலை சொல்லும்போது, நாற்பது பேர் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். அதற்குக் கத்தத் தெரியாது, விளக்கும் எரியாது. ஒரு மனிதன் தமிழில் பேசுவான், நாங்கள் தார்ப்பாய் எடுத்துக்கொண்டு ஓடுவோம். இதைக் கடையிலேயே சொன்னேன். “மாப்ளே, நீ உப்பு அள்ளுனவன். இது ஒனக்குப் புரியாது” என்றார் அத்தான். புரியாததை வாங்குகிறவர் அவர், புரியவில்லை என்ற பட்டம் எனக்கு.

கண்மாய்க்குள் ஒரு கொட்டகையில், நடுக்கம்பத்தில் ஆணி அடித்து அந்த ரேடியோவை மாட்டினார். முள் மூன்றாவது குறியில். உள்ளே ஸ்ஸ் என்று ஒரு இரைச்சல், முகப்பில் பச்சை விளக்கு. வேலைக்காரர்களைக் கூட்டிவைத்து விளக்கினார். “பச்சை எரிஞ்சா ஒண்ணுமில்ல. செவப்பு எரிஞ்சு கத்துனாத்தான் ஆபத்து.” எட்டுக் குடும்பமும் தலையாட்டியது. எல்லாரையும்விட அதிக மரியாதையோடு தலையாட்டியவர் எங்கள் மூட்டக்காரர். மூட்டங்களுக்குப் பொறுப்பு அவர். பீடியைக்கூடத் தொடாத மனிதர். மனைவியையும் சின்ன மகனையும் குளத்தூரில் விட்டுவிட்டு, சோறு பொங்கிப் போட ஒன்பது வயது மகளை மட்டும் கூட்டி வந்திருந்தார். புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே மரம் எந்த அளவு வெந்திருக்கிறது என்று சொல்வார். தன் கண்ணுக்குத் தெரிகிற விஷயத்தில் யாரையும் நம்பாத அவர், அந்த மஞ்சள் பெட்டியை முழுக்க நம்பினார். படித்தவர்கள் செய்தது, முதலாளி வாங்கியது, இரண்டும் சேர்ந்தால் அவருக்குப் போதும்.

ஐப்பசி கடைசியில் ஒரு சாயங்காலம், அத்தான் குளிக்கப் போயிருந்தபோது நான் முள்ளை முதல் குறிக்கு நகர்த்தினேன். தமிழ்ச் செய்தி தெளிவாக வந்தது. வங்கக்கடலில் காற்றழுத்தம், தென்மாவட்டங்களில் கனமழை முதல் மிகக் கனமழை, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். அத்தான் ஈரத்துண்டோடு பின்னால் வந்து நின்றிருந்தார்.

“அதை ஏம்லே தொட்ட?”

“கனமழைன்னு சொல்லுதான் அத்தான். கேளுங்க.”

“மீன் பிடிக்கிறவனுக்குச் சொல்லுதான். நீ என்ன மீனா பிடிக்க? நம்ம காட்டுல என்னைக்குலே அவன் சொன்ன மழை பேஞ்சிருக்கு?” முள்ளைப் பழையபடி மூன்றாவது குறிக்குத் தள்ளினார். “நீ திருப்புன நேரத்துல இது எச்சரிக்கையை விட்டுருந்தா யாரு பொறுப்பு?”

அந்தப் பெட்டி அதன் வாழ்நாளில் எங்களுக்கு உருப்படியாகச் சொன்னது அந்த அரை நிமிஷச் செய்தி ஒன்றுதான். அதையும் திருகி வாயை அடைத்துவிட்டு, பச்சை விளக்கைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

மறுநாள் விடியும்போது தூறல். கரிசல் மண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் நனைந்தால் அது சந்தனம் போலக் குழைந்துவிடும். மாட்டுவண்டி, லாரி, சைக்கிள் எதுவும் நகராது. ஆக, எங்கள் பக்கம் மழை எச்சரிக்கை என்றால் மழைக்கு முன்னால் வெளியேறு என்றுதான் அர்த்தம். இந்த ஒரு விஷயம் அத்தானுக்கும் தெரிந்திருந்தது. தன் மோட்டார் சைக்கிள் மாட்டிக்கொள்ளும் என்று, தூறல் விழுந்த கால் மணி நேரத்தில் கோவில்பட்டிக்குக் கிளம்பிவிட்டார். லாரிக்குச் சொல்லிவிட்டு வருகிறாராம். போகும்போது மூட்டக்காரரிடம் சொன்ன சொல் எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

“மூணு மூட்டமும் வெந்துக்கிட்டு இருக்கு. அது கத்துனா மட்டும் எந்திரிச்சுப் போ. கத்தாம நீ நகரக் கூடாது, பாத்துக்க.”

“சரி மொதலாளி.”

பத்து மணிக்கு மழை கனத்தது. நான் குடிசை குடிசையாகப் போய்க் கரைக்கு ஏறச் சொன்னேன். பாத்திரம், கோழி, ஆடு, குழந்தைகள். ஒவ்வொரு எட்டுக்கும் காலில் ஒரு படி மண் ஒட்டியது. முக்கால் மைல் தூரத்தைக் கடக்க மத்தியானம் ஆகிவிட்டது. மூட்டக்காரர் மகளை என்னோடு அனுப்பிவிட்டுத் தான் வரவில்லை. மகளைக் கரையில் விட்டுவிட்டு நான் மறுபடியும் போனேன். மழை கரைக்கக் கரைக்க, மூன்று மூட்டத்துக்கும் மாறி மாறி மண் அப்பிக்கொண்டிருந்தார். முதுகில் சாக்கு, முழங்கை வரை சேறு.

“வாங்க அண்ணாச்சி. மேக்க இருந்து தண்ணி வந்துரும்.”

“ஆபத்துன்னா அது கத்தும்னு மொதலாளி சொல்லிட்டுப் போயிருக்காவ. இன்னும் பச்சைதான எரியுது. கத்தட்டும், வாரேன். பிள்ள நனையாமப் பாத்துக்கோங்க தம்பி.”

நான் திட்டினேன். கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கோபப்படாமல் கையை விடுவித்துக்கொண்டு அடுத்த வெடிப்பை அடைக்கப் போனார். நான் கரைக்குத் திரும்பிவிட்டேன்.

மூன்று மணி வாக்கில் மேலே ஏதோ ஒரு கண்மாய் உடைந்தது. தண்ணீர் வருகிற சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. முள்மரங்களின் அடியில் தரை பளபளத்தது, அவ்வளவுதான். பிறகு முதல் மூட்டத்திலிருந்து வெள்ளையாக ஆவி பனை உயரத்துக்கு எழுந்தது. அப்புறம் இரண்டாவது. கரையில் நின்றவர்கள் எல்லாரும் மூன்றாவது மூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவும் எழுந்தது.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தபோது, முள்ளுக்குள் அவரைக் கண்டெடுத்தோம். கொட்டகைக் கூரை போய்விட்டது. கம்பம் நின்றது. அதில் ரேடியோவும் தொங்கியது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

விசாரிக்க அதிகாரி வந்தார். அத்தானும் அன்றுதான் வந்தார், தேய்த்த சட்டையோடு. “ரேடியோ கத்துச்சு சார். எட்டுக் குடும்பமும் கரையேறிட்டு. இவன் மட்டும் தண்ணியப் போட்டுட்டுக் கெடந்திருக்கான்” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவரோடு வந்திருந்த அக்கா என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். வேலைக்காரர்கள் அத்தானிடம் அடுத்த கண்மாய்க்கும் வேலைக்கு வர வேண்டியவர்கள். சத்தம் கேட்டதா என்று அதிகாரி கேட்டதற்கு, ஒருவர் கேட்டது போல இருந்தது என்றார். அடுத்தவர் நன்றாகவே கேட்டது என்றார். பொய் இப்படித்தான் குரல் கூடிக்கொண்டே போகும். மூட்டக்காரரின் மகளிடம் யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் நான் ஊரைவிட்டுப் போனேன். பம்பாயில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. அதே மாதிரி ஒரு பெட்டி அங்கே வந்தது. மெக்கானிக் சிரித்தார். மூன்றாவது குறி அமெரிக்காவுக்கு மட்டும்தானாம். அங்கே ஒரு நிலையம் ராப்பகலாக வானிலை பேசிக்கொண்டே இருக்குமாம், ஆபத்து என்றால் அதுதான் பெட்டியைக் கத்தவைக்குமாம். நம் நாட்டில் அந்த இடத்தில் பேச ஆளே கிடையாது. பச்சை விளக்குக்குப் பெட்டியில் பேட்டரி இருக்கிறது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு அந்தச் சிவப்புப் பொத்தான் ஞாபகம் வந்தது. கடைக்காரர் அழுத்திக் காட்டினாரே, அது. கொட்டகைக்குள் போய் நான் அதை அழுத்தியிருந்தால், மூட்டக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு என் பின்னால் வந்திருப்பார். எனக்குத் தோன்றவில்லை. மழையில் நின்று ஒரு நல்ல மனிதரை முட்டாள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். அத்தானை மட்டமாக நினைக்க எனக்கு எல்லா உரிமையும் உண்டு. என்னை நினைக்கும்போதும் அதே வார்த்தைகள்தான் வருகின்றன.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அத்தான் நெஞ்சுவலியில் போனார். காரியத்துக்கு வந்தேன். வாசல் பந்தலில் எட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிலர் அந்தக் கதையைக் கேட்டுத் தாங்களும் தூத்துக்குடிக்குப் போய் அதே பெட்டியை வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் பச்சை எரிகிறதாம்.

அப்போது ஒரு பெண் வந்தாள். தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள், விரல் நகத்தில் மருந்துச் சிவப்பு. மூட்டக்காரரின் மகள். நான் வந்திருப்பதைக் கேள்விப்பட்டுத் தேடி வந்தாளாம்.

“மாமா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்த ரேடியோ எத்தன தடவ கத்துச்சு?”

அக்கா கதவோரம் வந்து நின்றாள்.

“நானும் ஒங்க கூடக் கரையிலதான நின்னேன். எனக்கு ஒரு தடவகூடக் கேக்கல. ஆனா எல்லாரும் கத்துச்சுங்காவ. எனக்குத்தான் காதுல கோளாறுன்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். போன மாசம் ஆஸ்பத்திரில போயிக் காட்டுனேன். காது நல்லாத்தான் இருக்குன்னுட்டாவ.”

“ஏலே, காரியம் முடியட்டும். பேசாம இரி” என்றாள் அக்கா என்னைப் பார்த்து.

“கத்தல” என்றேன் அந்தப் பெண்ணிடம். “ஒரு தடவகூடக் கத்தல. அது நம்ம ஊர்ல கத்தவே கத்தாது.”

“அப்பா குடிச்சிருந்தாவளா?”

“இல்ல. மூட்டத்தை அடைச்சுக்கிட்டு இருந்தாரு. அது கத்துறதுக்கு முன்னால நகரக் கூடாதுன்னு இந்த வீட்டுக்காரர் சொல்லிட்டுப் போயிருந்தாரு.”

அவள் அழவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், விலை சரியாகச் சொல்லப்பட்டதைப் போல. “எங்கம்மா குடிகாரப் பாவின்னு திட்டித் திட்டியே செத்துப்போனா. அவளுக்கு இனிச் சொல்ல முடியாது. தம்பி இருக்கான். அப்பா பேரைக் கேட்டாலே எந்திரிச்சுப் போயிருவான். நான் சொன்னா நம்ப மாட்டான். நீங்க சொல்லுங்க.” கைபேசியில் எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினாள்.

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பந்தலில் பேச்சு நின்றிருந்தது. யாரு என்று ஒரு இளம் குரல் கேட்டது.

“ஒங்கப்பா கூடக் கண்மாய்க்குள்ள வேலை பாத்தவன்பா” என்றேன். “வச்சிராத, கேளு.”