புத்தகத்தில் உள்ளபடி

விளம்பரம் வந்ததும் ஜமீலா பீவி டிவியின் சத்தத்தை அடக்கிவிட்டு, அதுவரை நடந்த தவறுகளைச் சொல்லத் தொடங்குவார்.

“புஸ்தகத்துல அவ பாயில படுத்துக் கெடக்கா. ஓரம் கிழிஞ்ச பாயி. இங்கன என்னன்னா கட்டிலு, கட்டிலுக்கு மேல கொசுவல. பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு எவளாவது ஒறங்குவாளா?”

“நகையவும் கழத்தல மாமி,” என்பாள் ஃபர்ஹத். பக்கத்து வீட்டுக்காரி. குற்றச்சாட்டில் விட்டுப்போனதைச் சேர்ப்பது அவள் வேலை.

“கழத்துனா அடுத்த சண்டைக்கு மாட்ட நேரமாவும்லா.”

விளம்பரம் முடியும். சத்தம் திரும்பும். மேலப்பாளையத்தில், பாளையங்கால்வாய்ப் பக்கம் போகிற ஒரு சந்தின் நடுவில் இருக்கும் ஜமீலா பீவியின் வீட்டில், மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிற பெண்கள் மறுபடி தலை குனிந்துகொள்வார்கள். இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டுவதைக் கை பார்த்துக்கொள்ளும். காது சீரியலுக்கு. கண்ணைத் தேவைப்பட்டால்தான் தூக்குவார்கள். கட்டில், நகை மாதிரியான அநியாயங்கள் நடக்கும்போது.

அந்த சீரியல் ஒரு நாவலிலிருந்து எடுத்தது. நாவலை அவர்களுக்கு ஜமீலா பீவி போன மழைக்காலத்திலேயே வாசித்து முடித்துவிட்டார். ஆகவே, சென்னையில் அதை எடுப்பவர்களைவிடத் தங்களுக்குத்தான் அதில் பாத்தியதை அதிகம் என்பது சந்தின் நிலைப்பாடு.

அவரும் ஒரு காலத்தில் பீடி சுற்றியவர்தான். தூள் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நிறுத்தாவிட்டால் நெஞ்சு நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். கை ஓய்ந்தால் வாய் இருக்கிறது என்று புத்தகத்தை எடுத்தார். நூலகத்து வரவும் பழைய புத்தகக் கடைச் சரக்கும் அவர் வீட்டு அலமாரியில் கலந்து கிடக்கும். பக்க அடையாளத்துக்கு இலை வெட்டிய மிச்சத் துண்டு. வாசிப்புக்குக் கூலியும் உண்டு: ஆளுக்குக் கொஞ்சம் பீடி அவர் பெயரில் கடைக்குப் போகும், கடைக்காரர் கண்ணில் அவர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார். அவர் வாசிப்பில் ஆண்கள் எல்லோருக்கும் ஒரே குரல்தான். ராஜாவும் பேசுவான், திருடனும் பேசுவான், இரண்டு பேரும் பீடிக்கடையில் ‘இது கழிவு’ என்று கட்டைத் தூக்கி எறிகிற ஆளின் குரலில்தான் பேசுவார்கள்.

புத்தகத்தை யாரும் தொடக்கூடாது என்பது விதி. “தூள்கையோட தொட்டா பக்கம் நாறிப்போவும்.” நியாயமான விதி. அதற்கு வேறொரு நியாயமும் இருந்தது. அது அவருக்கு மட்டும் தெரியும்.

ஜமீலா பீவி வாசித்ததெல்லாம் புத்தகத்தில் இருந்ததில்லை.

சின்ன அளவில்தான் ஆரம்பித்தது. நாவலாசிரியர் தாமிரபரணியில் பொழுது சாய்வதைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். ஆற்றைப் பார்க்கக் கருப்பந்துறைக்கு ஒரு எட்டு போனால் போதும், அதற்கு எதற்குப் புத்தகம் என்று அதை மொத்தமாக வாசிக்காமலே திருப்பினார். நாவலில் விருந்துக்குப் பாயசம் வந்தது. சந்துப் பெண்களுக்கு வாயூற வேண்டுமே என்று அதைக் கறி போட்ட தக்கடி ஆக்கினார். அழுகை அத்தியாயங்களைச் சுருக்கினார். கேட்பவர்கள் அழுதால் கை நின்றுவிடும். கை நின்றால் கட்டுக் குறையும். சீரியல்காரர்கள் விளம்பரத்துக்காக அழுகையை நீட்டினார்கள், இவர் பீடிக்காக வெட்டினார். தொழில் நெருக்கடி இரண்டு பேருக்கும் உண்டு.

பிறகு துணிச்சல் வளர்ந்தது. நாயகி வடிவை அவள் புருஷன் அடிக்கிறான்; அவள் வாய் திறவாமல் பல பக்கங்கள் நிற்கிறாள். ஜமீலா பீவி அவளுக்கு வாய் கொடுத்தார். அடுத்தடுத்து அவள் கொடுத்த பதில்களைச் சந்துப் பெண்கள் மாவு மில்லிலும் டவுண் பஸ்ஸிலும் எடுத்துப் புழங்கினார்கள். எழுதியவர் ஒரு ஆணாக இருந்தும் இத்தனை தெரிந்துவைத்திருக்கிறாரே என்று அவர்மேல் அவர்களுக்குப் பெரிய மரியாதை. தன் பெயரில் மேலப்பாளையத்தில் என்னென்ன விற்பனையாகிறது என்று அந்த மனிதர் அறியமாட்டார்.

இதில் ஜமீலா பீவிக்கு உறுத்தல் ஏதுமில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் போட்டுக்கொள்கிறோம். வைத்தவளைக் கூப்பிட்டு அனுமதியா கேட்கிறோம்? ஆனால் அதே சீரியலில் ஆறு வேறெங்கோ எடுக்கப்பட்டிருந்தபோது அவர் கொதித்துப்போனார். “இது தாமிரவருணியே இல்ல. எவன் வீட்டு ஆத்தையோ புடிச்சுப் போட்டுருக்கான். எழுதுனவன் வயிறு எரியாதா?” ஆற்றைத் தானே முழுசாக விழுங்கியவர் என்பது அந்த நேரம் அவர் நினைவிலேயே இல்லை.

பெரிய மாற்றம் கடைசியில் செய்தார். நாவலில், வடிவைத் துரத்திவிட்ட புருஷன் பல காலம் கழித்து நோயோடு அவள் வாசலுக்கு வருகிறான். அவள் கதவைத் திறக்கிறாள். முற்றும். ஜமீலா பீவி வாசித்ததில் அவள் வைத்தியருக்கு ஆள் அனுப்பினாள். கஞ்சி வைத்து ஜன்னல் வழியே கொடுத்தாள். கதவை மட்டும் திறக்கவில்லை. அன்றைக்கு யாருமே அழவில்லை. பீடி வழக்கத்தைவிடக் கூடுதலாக விழுந்தது.

அந்தக் கடைசியை எல்லோரையும்விடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவள் இஷ்ரத். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். புருஷன் அஃப்சல் சவூதியில் வேலை பார்க்கிறவன். விடுப்பில் வரும்போதெல்லாம் அடிப்பான். ஒரு விடுப்பில் அவள் இடது மணிக்கட்டு உடைந்தது. அது கோணலாகவே கூடியது. அந்தக் கையோடு அவள் அண்ணன் ஹசன் அலி வீட்டுக்கு வந்து, திரும்பிப் போகவில்லை. இப்போது அஃப்சல் மறுபடி விடுப்பில் வந்திருக்கிறான். பெண்டாட்டி வேண்டும் என்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தெருப் பெரியவர்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேட்கப்போகிறார்கள். போவதாகச் சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். வரமாட்டேன் என்று சொல்லத்தான் இஷ்ரத் இருந்தாள். என்ன பேசப்போகிறாய் என்று ஃபர்ஹத் கேட்டதற்கு, “வடிவு சொன்னதத்தான் சொல்லுவேன்,” என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் பகலில் சீரியலின் கடைசிப் பகுதி மறுஒளிபரப்பானது.

மழை. வாசலில் இருமல். பட்டுச்சேலையில் வடிவு. தாழ்ப்பாளில் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அதற்கிடையில் இரண்டு விளம்பரங்கள். முடிவில் கதவைத் திறந்து, முந்தானையால் அவன் காலைத் துடைத்தாள். வீணை வாசித்தார்கள்.

“தொறந்தே உட்டுட்டானுவோ,” என்றாள் ஃபர்ஹத். “இத்தன நாளு கட்டிலு நகைன்னு பொறுத்தோம். இப்ப அடிமடியிலயே கைய வச்சிட்டான். புஸ்தகம் எழுதுனவரு கேசு போடணும் மாமி.”

எல்லோரும் ஜமீலா பீவியின் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். அவர் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். அப்படி நடந்ததே இல்லை.

வாசலில் ஹசன் அலி நின்றிருந்தான். டவுண் ரதவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அன்றைக்கு அவனுக்கு வாரவிடுமுறை. கெட்டவன் இல்லை. வீடு சின்னது, பிள்ளைகள் வளர்கிறார்கள், தங்கை போய்விட்டால் நல்லது என்று நினைப்பவன். அதை நேராகச் சொல்லக் கூச்சப்படுபவன். சீரியல் அவனுக்கு வாகாக வந்து வாய்த்தது.

“பாத்தாச்சா எல்லாரும்? நேத்து சாயந்தரம் நானும் பாத்தேன். எப்பேர்ப்பட்டவ, கடைசில தொறந்தா பாத்தியாளா இஷ்ரத்து?”

“அது டிவிக்காரன் மாத்துனதுண்ணே. புஸ்தகத்துல தொறக்கமாட்டா.”

“எந்தப் புஸ்தகத்துல?”

“மாமி படிச்ச புஸ்தகத்துல. அங்கன மேல் தட்டுல இருக்கு.”

ஹசன் அலியின் கையில் தூள் இல்லை. நாள் முழுக்கத் துணி விரிக்கிற சுத்தமான கை. யாரும் தடுக்குமுன் எட்டி எடுத்தான். சேலையின் விலையை முந்தானைப் பக்கம் புரட்டிப் பார்ப்பதுபோல நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனான். எழுத்துக் கூட்டி வாசித்தான்.

“‘வடிவு தாழ்ப்பாளை நீக்கினாள். மழை அவனுக்கு முன்னால் உள்ளே வந்தது. அவள் விலகி வழிவிட்டாள். முற்றும்.’”

இலை வெட்டுகிற கத்தரிகளின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

“அப்ப, ‘வைத்தியருக்கு ஆள் உட்டுருக்கேன், அங்கனயே இரும்’ம்பாளே, அது?” என்றாள் ஃபர்ஹத்.

அவன் பக்கங்களைப் புரட்டினான். “இல்ல.”

“‘தாப்பாளும் உள்ள இருக்கு, நானும் உள்ள இருக்கேன்’?”

“அதுவும் இல்ல.”

எல்லோரும் ஜமீலா பீவியைப் பார்த்தார்கள். அச்சடித்தபோது விட்டிருப்பார்கள், இது வேறு பதிப்பு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார்கள். அவர் கட்டஞ்சாயாவின் கடைசி மடக்கைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

“அதுல இல்லதான். நான் போட்டேன்.”

“நீங்க போட்டியளா? டிவிக்காரன் கட்டிலு போட்டதுக்கு அந்தப் பாடு ஏசுனிய?” என்றாள் ஃபர்ஹத்.

“அவன் கட்டிலு போட்டான், நான் தாப்பா போட்டேன். ரெண்டும் ஒண்ணாளா?”

“படிச்ச மனுசன் எழுதி வச்சிருக்காரு. அத மாத்த ஒங்களுக்கு யாரு மாமி பவர் குடுத்தா?” ஹசன் அலிக்குக் குரல் ஏறியது. “மதார் மாமா கேரளாவுலயே பல வருசம் கெடந்துட்டு, நெஞ்சு நோவோட வந்து நின்னப்ப நீங்க தொறக்கலியா?”

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. மதார் அவருடைய கணவர். அங்கே இன்னொரு குடும்பம் இருந்தது சந்துக்கே தெரியும். யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

“தொறந்தேன்,” என்றார் ஜமீலா பீவி. “மவுத்தாவுத வரைக்கும் பீ மூத்திரம் அள்ளுனேன். எழுதுனவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதனாலதாம்லே சொல்லுதேன், அந்தக் கடைசி சரியில்ல.”

இஷ்ரத் தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்தாள். அவளுக்குக் கோபம், அண்ணன்மேல் இல்லை.

“நாளைக்கு அத்தன ஆம்பளைக்கு முன்னால, அவள மாதிரி நிக்கப்போறோம்னு தைரியமா இருந்தேன் மாமி. அப்படி ஒருத்தி இல்லவே இல்லங்கிய.”

“இல்லதான்.”

“ஏமாத்திட்டியள்லா.”

“ஏளா, ஒன்ன அவன் அடிச்சது கதையிலயா?”

இஷ்ரத் தன் இடது கையைப் பார்த்தாள், புதிதாகப் பார்ப்பவள்போல. அதை வலது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“சரி, பேச்ச உடுங்க,” என்றான் ஹசன் அலி, புத்தகத்தை மூடியபடி. தன் பக்கம் நியாயம் வந்துவிட்ட பிறகும் அவன் குரல் கெஞ்சுவதுபோல இருந்தது. “டிவியிலயும் தொறந்துட்டா, புஸ்தகத்துலயும் தொறந்துட்டா. ஊரு ஒலகத்துல அப்படித்தாம்ளா.”

“தொறந்த பொறவு என்ன ஆச்சு?” என்று கேட்டாள் இஷ்ரத்.

அண்ணனைக் கேட்டாளா, ஜமீலா பீவியைக் கேட்டாளா, தெரியவில்லை. ஹசன் அலிதான் பதில் சொன்னான்.

“அதான் முற்றும்னு போட்டுட்டானே.”

ஜமீலா பீவி கையை நீட்டினார். அவன் தயங்கிப் புத்தகத்தைக் கொடுத்தான். அவர் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, அதையும் திருப்பினார். பின்னால், அட்டைக்கு முன், பைண்டர் விட்டிருந்த வெற்றுத்தாள். அதை மறைக்கவில்லை, மடியில் நன்றாக விரித்து, எல்லோரும் பார்க்க உள்ளங்கையால் நீவிவிட்டார். கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். இல்லாத முதல் வரியின் கீழே ஆள்காட்டி விரலை வைத்தார்.

“‘அவன் உள்ளே வந்தான்,’” என்று புத்தகம் வாசிக்கிற குரலில் வாசித்தார். “‘அவள் வெளியே போனாள்.’”

விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.