கிரேடர்காரியின் ஐந்தாவது கட்டுரை

முப்பத்தொரு வருடம் வாரெகோ ஆற்றோரத்து மண்சாலைகளைக் கிரேடர் ஓட்டிச் சமப்படுத்தியவள் கிளெனிஸ் டார்மர். ஓய்வுபெற்ற பிறகு அவளுக்கு ஒரே ஆசை: பிரிஸ்பேன் பத்திரிகையில் தன் பெயரை அச்சில் பார்த்துவிட வேண்டும். நான்கு கட்டுரைகள் அனுப்பினாள். நான்கும் மரியாதையாகத் திரும்பி வந்தன.

ஐந்தாவது, பழைய வெள்ளத்தைப் பற்றியது. முன்பின் தெரியாத கர்ப்பிணியை அவள் தன் கிரேடரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகையில், இடுப்பளவு தண்ணீருக்கு நடுவே பிள்ளை பிறந்துவிட்டது. பெயரைக் கேட்பதற்குள் ஹெலிகாப்டர் வந்து தாயையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

ஏழு மாதமாகப் பத்திரிகையிலிருந்து பேச்சுமூச்சு இல்லை. இதுவும் வேண்டாமென்றுதான் அர்த்தம் என்று தானாகவே முடிவுகட்டி, கட்டுரையைத் தன் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டாள். ஒன்பது முறை திறக்கப்பட்டிருந்தது. அதில் மூன்று முறை திறந்தது அவள் கணவன் ராஸ்.

மூன்றாம் வாரமே ஏற்புக் கடிதம் வந்து நின்றது. கூடவே வழக்கமான நிபந்தனை: கட்டுரை வேறெங்கும் வெளிவந்திருக்கக் கூடாது.

"எடுத்துடு கிளென். ஒரு அமுக்கு அமுக்குனா போச்சு," என்றான் ராஸ், அடுப்பில் ஆட்டுக்கறியைத் திருப்பிப் போட்டபடி. "நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"உன் வாயா? என் மூட்டுவலி பப்புல அத்தன பேருக்கும் தெரிஞ்சது யாரால?"

அழிக்கத்தான் பக்கத்தைத் திறந்தாள். கட்டுரைக்குக் கீழே, பெயர் போடாமல், டார்வினிலிருந்து யாரோ எழுதியிருந்தார்கள்:

"அந்தக் குழந்த நான்தான்னு நெனைக்கிறேன். அம்மா போன வருஷம் தவறிட்டாங்க. கிரேடர்ல பொறந்த பொண்ணுன்னு சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. என்னச் சுத்தியிருந்த பச்சக் கட்டம் போட்ட சட்ட இன்னும் எங்கிட்ட இருக்கு. ரெண்டாவது பட்டன் இல்ல."

சட்டையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூடக் கிடையாது. அன்று பிள்ளையைச் சுற்றத் தன் சட்டையை அவசரமாகக் கழற்றியபோது அந்தப் பட்டன் தெறித்து வண்டிக்குள் எங்கோ விழுந்தது. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. உலகத்தில் இத்தனை கோடிப் பக்கங்கள் இருக்க, ஈயாடிக் கிடந்த இந்தப் பக்கத்தை இவள் எப்படிக் கண்டுபிடித்தாள்!

கட்டுரையை எடுத்தால் கீழே இருக்கும் இந்த வரிகளும் போய்விடும். அந்தப் பெண் மறுபடி வந்து பார்த்தால் ஒன்றுமே இருக்காது.

ஏற்கெனவே வெளிவந்துவிட்டது, மன்னிக்கவும் என்று ஆசிரியருக்கு எழுதி அனுப்பினாள்.

"ஏய், பைத்தியமா உனக்கு? இதுக்குத்தான இத்தன வருஷம் ஏங்குன!"

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவன் படித்தான். திரும்பவும் படித்தான். கறி கருகியது.

பிறகு கிளெனிஸ் திரையைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு விரலால் பதில் அடித்தாள்:

"உன் பேரு என்னம்மா?"