ஓர்ட்வின் வெட்டிய புல்

ஆளுக்கொரு துண்டு நிலம் குத்தகைக்குத் தரும் எங்கள் தோட்டச் சங்கத்தில் புல்லைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் ஓர்ட்வின் கிரெஸ்னரிடம்தான் போவார்கள். டிராம் நேர அட்டவணை போடும் அலுவலகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்து எழுந்தவன். ஓய்வு பெற்ற மறுவாரமே புல் நிபுணன் ஆகிவிட்டான். சாலே ஆற்றங்கரையில் என் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அவனுடையது. ஆள் உயரச் சீன நாணல், வெள்ளைப் பூங்கதிர் விடும் பாம்பாஸ், வேலியோரம் நீலநிறக் குட்டைப் புல். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஓர்ட்வின் காபிக் கோப்பையோடு வாசலுக்கு வந்து ஒவ்வொன்றின் லத்தீன் பெயரையும் சொல்லுவான். உச்சரிப்பு மட்டும் சுத்தமாக இருக்கும்.

வேலை பார்த்தது அவன் மனைவி மார்லிஸ். மார்ச் கடைசியில், புதுத் தளிர் எட்டிப் பார்க்கும் முன் காய்ந்த தாள்களை ஒரு சாண் விட்டு அறுப்பாள். நீலப் புல்லை வெட்டவே மாட்டாள். சடை பிரிப்பதுபோல விரல்களால் கோதி, காய்ந்ததை மட்டும் உருவி எடுப்பாள். பெருத்த தூரை மண்வெட்டியால் பிளந்து நடுவாள். நவம்பரில் பாம்பாஸின் இலைகளை ஒன்றாகச் சேர்த்துக் கொண்டைபோலக் கட்டுவாள். அப்போதுதான் மழைத் தண்ணீர் குருத்துக்குள் இறங்காது. அவள் மண்ணில் முழங்காலிட்டிருக்க, அவன் வேலிக்கு மேலாக, "இந்த வருஷம் என் நாணல் எப்படி?" என்று என்னிடம் கேட்பான். வெட்கம் என்பது அவன் அட்டவணையில் இல்லாத வண்டி போலிருக்கிறது.

போன வருடம் அக்டோபரில் ரோஸ்டாக்கில் இருக்கும் மார்லிஸின் தங்கை விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். வசந்தம் வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று மார்லிஸ் கிளம்பினாள். போகும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தோட்டத்துக் குடிசைக் கதவில் குத்திவிட்டுப் போனாள். ஓர்ட்வின் அதைக் கிழித்து எடுத்துவந்து என்னிடம் காட்டினான்.

"எனக்கே சீட்டு எழுதி வச்சிருக்கா, பாத்தியா?"

நவம்பர் நடுவில் மின்சாரக் கத்தரியோடு வந்தான். குளிர்காலத்துக்குத் தோட்டம் துப்புரவாக இருக்க வேண்டுமாம். நாணல், பாம்பாஸ், நீலப் புல் எல்லாவற்றையும் கணுக்கால் உயரத்துக்குக் கொய்தான். பாம்பாஸை மட்டுமாவது விட்டுவை என்று ஒருமுறை சொன்னேன்.

"புல்லுன்னா புல்லுதான். வெட்டினா வளரும்," என்றான்.

மார்லிஸுக்குத் தொலைபேசி செய்திருக்கலாம், செய்யவில்லை. அவன் மூக்குடைபடுவதைப் பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது. என்னையும் உயர்த்திச் சொல்ல ஒன்றுமில்லை.

டிசம்பர் முழுக்க மழை. அறுபட்ட தட்டைகள் வழியே தண்ணீர் தூருக்குள் இறங்கியது. ஜனவரியில் பனியில்லாத வெறும் உறைகுளிர் வந்து மிச்சத்தை முடித்தது. பிப்ரவரியில் அவன் இரண்டு மூட்டை உரத்தைக் கொண்டுவந்து பிணத்துக்குப் பால் ஊற்றுவதுபோலக் கொட்டினான். பாம்பாஸின் நடுவில் கைவைத்தால் ஊறிய ரொட்டிபோல அமுங்கியது. விதை கொத்த வரும் சிட்டுகள்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு மார்ச் மாதச் சங்கக் கூட்டத்தில் "புற்களும் குளிர்காலமும்" என்று சொற்பொழிவு வைத்துக்கொண்டான். காட்டிய படங்கள் எல்லாம் முந்தின வருடத்தவை. உறைபனி பூத்த நாணல், கொண்டை கட்டிய பாம்பாஸ். மார்லிஸ் முதல் நாள்தான் ஊர் திரும்பியிருந்தாள். கடைசி பெஞ்சில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

பாம்பாஸ் அழுகாமல் இருக்க என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். நல்ல உரம் போட்டால் போதும் என்றான்.

மார்லிஸ் எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்களோடது அழுகிடுச்சு. காலைலதான் ரெண்டு கூடை அள்ளிக் கொட்டினேன். நவம்பர்ல வெட்டுனா அப்படித்தான் ஆகும். ஓர்ட்வின், அந்தப் படமெல்லாம் போன வருஷத்துதுன்னு சொல்லிடு."

அவன் அடுத்த படத்தைப் போட்டான். அதுவும் போன வருடத்துப் படம்தான். சிரிப்பை அடக்கப் பலர் இருமினார்கள்.

கூட்டம் முடிந்ததும் அவள் நேராகச் செயலாளரிடம் போய், மூலையில் காலியாகக் கிடந்த நாற்பத்தோராம் தோட்டத்தைத் தன் பெயரில் எழுதச் சொன்னாள். சீன நாணல் மட்டும் சாகவில்லை. அதை யாராலும் லேசில் கொல்ல முடியாது. தூர்களை ரம்பத்தால் அறுத்துத் தள்ளுவண்டியில் நாலு நடை கொண்டுபோனாள். நான் இரண்டு நடை தள்ளினேன். அவள் நன்றி சொல்லவில்லை. எனக்கு அதற்குத் தகுதியும் இல்லை.

இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். அவன் தோட்டத்தில் இப்போது வெறும் புல்தரை. அதை மட்டமாக வெட்டிவிட்டு, மூலைத் தோட்டத்தை மனைவிக்கு ஏற்பாடு செய்து கொடுத்ததே தான்தான் என்று வருகிறவர்களிடம் சொல்லுகிறான்.

இந்த நவம்பரில் மார்லிஸ் புதிதாக வாங்கி நட்ட பாம்பாஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் கோப்பையோடு வந்து நின்றான்.

"அதக் கீழ வச்சிட்டுக் கயித்தப் புடி," என்றாள்.

பிடித்தான். இலையின் விளிம்பு பட்டு விரலில் கீறிவிட்டது. விரலில் சுற்றிய கட்டுத்துணியை ஒரு வாரம் சங்கம் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தான், போர்முனையிலிருந்து வந்தவன்போல.