அண்ணன் பார்த்த திகில் படங்கள்

அண்ணன் திகில் படம் போட்டால் திரையைப் பார்க்க மாட்டான். எங்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு முடிந்ததும் டிவிடி பிளேயரில் அதே படத்தட்டைச் செருகுவான். முகமூடிக்காரன் கதவுக்குப் பின்னால் வந்து நிற்கும் இடத்தில் அம்மா முந்தானையைக் கடித்துக்கொள்வாள். நான் கண்களை மூடிக்கொள்வேன். உடனே அண்ணன் ரிமோட்டை அமுக்கி, படத்தை அந்த இடத்துக்கே திரும்பக் கொண்டுபோவான். "ஏளா, கண்ணைத் தொற. ஒண்ணுமில்ல" என்பான். அப்போது அவன் குரல் அவ்வளவு இதமாக இருக்கும். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் அவனுடையது. 'தங்கமான பிள்ளை' என்றுதான் வேனில் வரும் பெண்கள் சொல்வார்கள்.

அந்தப் பெண்களில் மூன்று பேரை, ஒருவர் பின் ஒருவராக, அவன் கொன்றிருந்தான். போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோனது. அவனுடைய படத்தட்டுகளையும் சாக்கில் கட்டிக்கொண்டுபோனது. படம் பார்த்துக் கொலைகாரனானான் என்று பேப்பரில் போட்டார்கள். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். "பாழாப்போன படந்தான் எம்பிள்ளையக் கெடுத்துருச்சு" என்று இருக்கன்குடி மாரியம்மன் முன்னால் விழுந்து அழுதாள்.

ஜெயிலில் அவனைப் பார்த்தபோது நானும் அதைத்தான் கேட்டேன். அண்ணன் சிரித்தான். "படம் என்னத்தச் சொல்லிக்குடுத்துச்சு? அது சின்னப் பிள்ளையிலயே எனக்குள்ள கெடந்துச்சு. என்னைய மாதிரி ஒருத்தன் இருக்கான்னு அதுலதான் கண்டேன். அவன் வந்து நின்னாலே அம்புட்டுப் பேரும் நடுங்குறாக. என்னையப் பாத்து யாரு நடுங்குனா?"

திரும்பி வரும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் தெருவே அந்தப் படத்தைப் பார்த்தது. அலறிவிட்டு, சிரித்துவிட்டு, பாத்திரம் விளக்கப் போனது. மற்றவர்கள் ஓடி ஒளிபவர்களோடு சேர்ந்து ஓடினார்கள். அவன் மட்டும் துரத்துகிறவனோடு போனான். இதற்குமேல் எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளத் தெம்பும் இல்லை. அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. அவளுக்குப் படத்தின் மேல் பழி போட்டால்தான் சோறு இறங்குகிறது.

நான் இப்போதும் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டத்தான் போகிறேன். அண்ணன் கடைசியாகக் கொன்ற பெண்ணின் அம்மாவும் அதே கம்பெனிதான். தீபாவளி சீசனில் உட்கார இடம் இல்லாமல் போகும். அப்போதும் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். போன மாதம் சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மா வந்து என் எதிரே நின்றார்.

"படத்தப் பாத்துத்தான் அவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு ஊரே சொல்லுது. நெசமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அது என் அம்மாவுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

"இல்லத்தா. படத்துக்கு முன்னாடியே அவன் அப்படித்தான். தெரிஞ்சேதான் செஞ்சான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தூக்குவாளியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் எங்கிட்டப் படத்தையே சொல்றாக. நீ ஒருத்திதான் அவனைச் சொன்ன" என்றார். பிறகு மூடியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்.